அச்சு ஜர்னல்களைப் பெற்றுப் பதிந்து பைண்டிங் வரை கொண்டுசேர்ப்பது எப்படி: கல்லூரி நூலகத்துக்குப் புதியவர்களுக்கு

கல்லூரி நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்ற நாளில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை ஒரு சாவிக்கொத்து, பாதி நிரப்பிய ஒரு பதிவேடு, மேசைக்கடியில் பிரிக்கப்படாமல் கிடந்த இரண்டு கோணிப்பைத் தபால். இதழ் வரவைப் பதியும் அட்டைப்பெட்டியான கார்டெக்ஸ் என்றால் என்ன என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆனால் ஒரு தபால் உறையைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த ஆண்டு முடிந்து இதழ்களை பைண்டிங்குக்கு அடுக்கியபோதுதான் 11 இதழ்கள் வரவே இல்லை என்பது தெரிந்தது. சந்தா பிடித்துத் தரும் முகவருக்கு முழுத் தொகையும் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பதிப்பாளர்கள் காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். தணிக்கையில் ஆட்சேபக் குறிப்பு எழுதப்பட்டது.

நூல் ஒருமுறை வந்து சேர்ந்துவிட்டால் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஜர்னலுக்கோ பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு ஆண்டு முழுவதும் காத்திருக்கிறோம். ஆகவே வராத இதழை உரிய காலத்தில் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பிரிவின் தலையாய வேலை. 50 முதல் 100 தலைப்புகள் வரை வாங்கும் கல்லூரி நூலகத்தை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். உங்களிடம் கோஹா என்ற நூலக மென்பொருள் இருந்தாலும் கோடு போட்ட பதிவேடு மட்டுமே இருந்தாலும் படிகள் ஒன்றுதான்.

1. முதல் வாரத்தில் காகிதங்களைத் திரட்டுங்கள்

இதழைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு சந்தாவுக்கும் உரிய ஆவணங்களை ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். நூலகக் குழு ஒப்புதல் அளித்த பட்டியல், முதல்வர் கையொப்பமிட்ட ஆணை, முகவரின் இன்வாய்ஸ், பதிப்பாளர் அறிவித்த விலைக்கான சான்று, வெளிநாட்டு இதழாக இருந்தால் எந்த நாளின் நாணய மாற்று விகிதத்தில் கணக்கிட்டார்கள் என்பதற்கான சான்று, பணம் செலுத்திய வவுச்சர் ஆகியவை கட்டாயம் வேண்டும். இவை எல்லாம் கணக்குப் பிரிவிலும் இருக்கும் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அங்கே வவுச்சர் எண்படி அடுக்கியிருப்பார்கள், உங்களுக்குத் தலைப்புவாரியாகத் தேவைப்படும்.

இதில் பெரும்பாலோர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. முகவரின் இன்வாய்ஸும் ரசீதும் நீங்கள் முகவருக்குப் பணம் கொடுத்ததற்கு மட்டுமே சான்று. அந்தப் பணம் பதிப்பாளரைச் சென்றடைந்ததற்குச் சான்று ஆகாது. பதிப்பாளர் உங்கள் நூலகத்துக்கு ஒதுக்கிய சந்தா எண்ணை ஒவ்வொரு தலைப்புக்கும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எண்ணைத் தர முகவர் நாள் கடத்தினால், பணம் இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு.

இன்வாய்ஸில் வரியையும் பாருங்கள். அச்சு இதழ்கள் 4902 என்ற சரக்குக் குறியீட்டின் கீழ் வருகின்றன, அவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அச்சையும் இணைய அணுக்கத்தையும் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டு முழுவதற்கும் வரி விதித்திருந்தால், இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டும்படி கேட்டுவிட்டுப் பிறகு கையொப்பமிடுங்கள்.

2. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிர்பார்ப்பு அட்டவணை எழுதுங்கள்

ஒரு தலைப்புக்கு ஓர் அட்டை அல்லது ஒரு பக்கம். அதில் தலைப்பு, ஐ.எஸ்.எஸ்.என். (பருவ இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்), வெளிவரும் கால இடைவெளி, ஆண்டுக்கு எத்தனை தொகுதி, தொகுதிக்கு எத்தனை இதழ், சந்தா தொடங்கும் இதழும் முடியும் இதழும், சந்தா எண், முகவர், விலை, இன்வாய்ஸ் எண் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றுக்குக் கீழே, வர வேண்டிய எல்லா இதழ்களையும் அவை வர வேண்டிய தேதிகளோடு ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வந்த இதழை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு போகும் பதிவேட்டில் வராத இதழுக்கு இடமே இல்லை. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பதிவேடு அப்படிப்பட்டதுதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் பருவ இதழ்களுக்கென வகுத்த மூன்று அட்டை முறையில் பதிவு அட்டையோடு சரிபார்ப்பு அட்டை என்று தனியாக ஒன்றை வைத்ததன் காரணமும் இதுவே: அந்த அட்டைகள் இதழ் எந்த வாரம் வர வேண்டும் என்ற வரிசையில் அடுக்கப்படும், வாரம் கடந்தும் அட்டை நகராமல் இருந்தால் இதழ் வரவில்லை என்று பொருள். இன்று ஓர் எக்செல் தாளிலேயே அதைச் செய்துவிடலாம்.

எண்வரிசை எல்லா இதழ்களுக்கும் ஒரே மாதிரி இருக்காது. 'கரண்ட் சயின்ஸ்' மாதம் இருமுறை, 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும் இட்டு வருவது. ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு தொகுதி, ஜூலை முதல் டிசம்பர் வரை அடுத்த தொகுதி. ஓர் ஆண்டுக்கு ஒரு தொகுதி என்று நீங்களாகவே எழுதிவைத்தால் ஜூலையில் இதழ் எண் மறுபடியும் 1 என்று வரும்போது பதிவேடு குழம்பும். 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' வார இதழ். ஆயினும் சில சமயம் இரண்டு எண்களை ஒரே இதழில் சேர்த்து வெளியிடுவார்கள். அதை அறியாமல் முதலாண்டில் நான் வெளிவராத இதழுக்காக இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். மத்திய அரசின் 'யோஜனா' மாத இதழின் தமிழ்ப் பதிப்பு 'திட்டம்' என்ற பெயரில் வருகிறது. இரண்டையும் வாங்கும் நூலகத்தில் இரண்டுக்கும் தனித்தனி அட்டை வேண்டும்.

ஐ.எஸ்.எஸ்.என். எட்டு இலக்கம் கொண்டது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது, அந்த இடத்தில் சில தலைப்புகளுக்கு எக்ஸ் என்ற எழுத்து இருக்கும். அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அச்சுப் பதிப்புக்கும் இணையப் பதிப்புக்கும் எண் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன பொருளாதார வார இதழின் அச்சு எண் 0012-9976, இணைய எண் 2349-8846. இணையதளத்தைப் பார்த்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை எழுதிவிடுகிறார்கள். கையிலுள்ள இதழைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு. இதழின் பெயர் மாறினால் பொதுவாக எண்ணும் மாறும். அப்போது பழைய அட்டையை முடித்துவிட்டுப் புதிய அட்டை தொடங்கி, இரண்டிலும் மற்றதன் பெயரைக் குறித்துவையுங்கள்.

கோஹாவில் செய்பவர்கள், சந்தாவைச் சேமிப்பதற்கு முன் முன்கணிப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தி, வரிசையாகத் தோன்றும் எண்களையும் தேதிகளையும் கடந்த ஆண்டு இதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து இதழ்களை வரவு வைத்த பிறகு அமைப்பைத் திருத்துவது பெரும்பாடு. தாமத வரம்பு நாட்களையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

3. தபாலைப் பிரிக்கும் முறை

இதழ்கள் முதலில் வந்து சேரும் இடம் நூலகமாக இருப்பதில்லை. கல்லூரி அலுவலகத்தின் தபால் பிரிவு, முதல்வர் அறை, துறைத் தலைவரின் மேசை என்று அவை சுற்றும். தபால் பிரிக்கும் உதவியாளரிடம் உங்கள் தலைப்புப் பட்டியலைக் கொடுத்து, நூலக முகவரியிட்ட எந்த உறையையும் பிரிக்காமல் நேரே அனுப்பும்படி முதல்வர் வழியாக ஒரு சுற்றறிக்கை பெற்றுவிடுங்கள். என் 11 இதழ்களில் மூன்று, பிறகு ஒரு துறையின் அலமாரியிலிருந்து கிடைத்தன.

இந்திய இதழ்களில் பெரும்பாலானவை பதிவு பெற்ற செய்தித்தாள்களுக்குரிய சலுகைக் கட்டணத்தில் சாதாரணத் தபாலாக வருகின்றன. அவற்றுக்குக் கண்காணிப்பு எண் இல்லை. அனுப்பிவிட்டோம் என்று பதிப்பாளரும் வரவில்லை என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருக்கலாம், இரண்டையும் மெய்ப்பிக்க வழியில்லை. எனவே விலையுயர்ந்த தலைப்புகளை விரைவுத் தபாலிலோ (ஸ்பீட் போஸ்ட்) கூரியரிலோ அனுப்பச் சொல்லி, அதற்கான கூடுதல் தொகையை ஆணையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. ஆண்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை சிறியதுதான்.

உறையைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டைக் கிழிக்காதீர்கள். சந்தா எண்ணும், பல இதழ்களில் சந்தா முடியும் மாதமும் அதில்தான் அச்சாகியிருக்கும். முகவரி பழையதாக இருந்தாலோ அஞ்சல் குறியீட்டு எண் தவறாக இருந்தாலோ அன்றைக்கே எழுதுங்கள். ஒருமுறை தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இதழ் அடுத்த மாதம் வராமல் போகலாம். பிறகு இதழைக் கையிலெடுத்துப் பக்கங்களை விரைவாகப் புரட்டுங்கள். ஒரு பாரம் (ஒன்றாக அச்சிட்டு மடித்த பக்கத் தொகுப்பு) இரண்டு முறை வந்திருப்பதும், ஒரு பாரம் விடுபட்டிருப்பதும், நடுவில் வெற்றுப் பக்கங்கள் இருப்பதும் அச்சகங்களில் நேர்பவைதாம். இணைப்பு இதழோ பொருளடைவோ உடன் வந்திருந்தால் உறையோடு குப்பைக்குப் போய்விடாமல் எடுத்துவையுங்கள். பழுதான பிரதியின் உறையை, மாற்றுப் பிரதி வரும் வரை பத்திரப்படுத்துங்கள்.

4. முதலில் பதிவு, பிறகுதான் முத்திரை

இந்த வரிசையை மாற்றக் கூடாது. வந்ததும் வராததுமாக எல்லா இதழ்களிலும் முத்திரை குத்திவிட்டுப் பிறகு பதிவேட்டைத் திறந்தால், இரட்டைப் பிரதியாக வந்ததையும் வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு உரியதையும் திருப்பி அனுப்ப முடியாமல் போகும். முத்திரை விழுந்த பிரதியைப் பதிப்பாளர் ஏற்பதில்லை.

அட்டவணையில் அந்த இதழின் கட்டத்தில் வந்து சேர்ந்த தேதியை எழுதுங்கள். அட்டையில் அச்சாகியுள்ள தேதியை எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சேர்ந்த தேதி இருந்தால்தான் ஓர் இதழ் சராசரியாக எத்தனை நாள் தாமதமாக வருகிறது என்பது ஓராண்டில் உங்களுக்குப் புலப்படும். நினைவூட்டலை எப்போது அனுப்புவது என்ற முடிவு அதைப் பொறுத்தது. கூட்டிதழாக இருந்தால் இரண்டு கட்டங்களையும் இணைத்து ஒரே தேதியை எழுதுங்கள். ஒரு கட்டத்தை வெற்றாக விட்டால் தணிக்கையாளர் அதைக் காணாமற்போன இதழாகத்தான் எண்ணுவார். மாதிரிப் பிரதியாகவும் அன்பளிப்பாகவும் வருபவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

பதிவு அன்றன்றே முடிய வேண்டும். 80 தலைப்புகள் வாங்கும் நூலகத்தில் ஒரு நாளைய தபாலுக்கு அரைமணி நேரம் போதும். ஒரு வாரம் தேங்கினால் ஒரு முழுநாள் போய்விடும், அதற்குள் பேராசிரியர் ஒருவர் மேற்குவியலிலிருந்து ஓர் இதழை எடுத்துப் போயிருப்பார்.

5. முத்திரையும் காட்சி அடுக்கும்

முத்திரையைப் பொருளடக்கப் பக்கத்திலும், உங்கள் நூலகம் அடையாளத்துக்கென வழக்கமாக முத்திரையிடும் குறிப்பிட்ட உட்பக்கத்திலும் (மறைப் பக்கம்) எழுத்துகள் மேல் படாமல் இடுங்கள். வந்த தேதியை அட்டையின் வலது மேல் மூலையில் சிறிதாக எழுதுங்கள். பாதுகாப்புக்குக் காந்தப் பட்டை ஒட்டும் நூலகமானால் முதுகோரம் ஒட்டுங்கள். காட்சி அடுக்கில் புதிய இதழ் முகப்பிலும், அதே ஆண்டின் பழைய இதழ்கள் அதன் பின்னுள்ள அறையிலும் இருக்கட்டும். தலைப்புகளை அகரவரிசையில் வைத்தால் யாரும் உங்களிடம் வந்து கேட்க வேண்டியிருக்காது. தனி இதழ்களை வீட்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதிக்காமல் இருப்பதே நல்லது.

6. வராத இதழைக் கேட்டுப் பெறுதல்

வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். எனக்கு அது வெள்ளிக்கிழமை பிற்பகல். எதிர்பார்ப்பு அட்டவணையை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்து, தேதி கடந்தும் வெற்றாக உள்ள கட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள். கோஹாவில் தாமத வரம்பு தாண்டியவை தனியே பட்டியலாகும்.

கேட்பதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, இதழ் கல்லூரிக்குள்ளேயே எங்காவது தங்கியிருக்கிறதா என்பது. இரண்டாவது, அது உண்மையிலேயே வெளிவந்துவிட்டதா என்பது. பதிப்பாளரின் இணையதளத்தில் அண்மை இதழின் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் நாட்டுக் காலாண்டிதழ்கள் பல, அட்டையிலுள்ள மாதம் முடிந்து வெகுநாள் கழித்தே வெளிவருகின்றன. வெளிவராததைக் கேட்டுக் கேட்டு எழுதினால், உண்மையாகவே தொலைந்த இதழுக்கு நீங்கள் எழுதும் கடிதத்தையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கால அளவுக்கு நான் பின்பற்றும் கணக்கு இது. வார இதழானால் வர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வாரம், மாத இதழானால் ஒரு மாதம், காலாண்டிதழானால் இரண்டு மாதம் பொறுக்கலாம். அதற்குள் அடுத்த எண் கைக்கு வந்துவிட்டால் பொறுக்கவே தேவையில்லை. இடையிலுள்ளது தொலைந்துவிட்டது என்று கொண்டு அன்றே எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து கப்பல் தபாலில் வருபவற்றுக்கு மட்டும் கூடுதல் நாள் கொடுங்கள். பதிப்பாளர் பலர் இதழ் வெளியான நாளிலிருந்து 60 அல்லது 90 நாட்களுக்குள் கேட்டால்தான் இலவசமாக மாற்றுப் பிரதி தருகிறார்கள். அந்த வரம்பைத் தலைப்புவாரியாகக் கேட்டறிந்து அட்டையின் தலையிலேயே சிவப்பு மையில் எழுதிவைத்தால், என் முதலாண்டில் நேர்ந்தது உங்களுக்கு நேராது.

கடிதத்தில் தலைப்பு, ஐ.எஸ்.எஸ்.என்., சந்தா எண், தொகுதி எண், இதழ் எண், இதழ்த் தேதி, கடைசியாகக் கிடைத்த இதழ், பணம் செலுத்திய விவரம், உங்கள் முழு முகவரி ஆகியவை இருக்கட்டும். ஒரு தலைப்புக்கு ஒரு கடிதம். பத்துத் தலைப்புகளை ஒரே மின்னஞ்சலில் அடுக்கினால் முதல் மூன்றுக்குத்தான் பதில் வரும். முகவருக்கு அனுப்பிப் பதிப்பாளருக்கும் நகல் வையுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்யுங்கள், ஏனெனில் தணிக்கையாளர் கேட்பது காகிதத்தைத்தான். அனுப்பிய தேதியை அட்டையின் அதே கட்டத்தில் பென்சிலால் குறியுங்கள். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் இரண்டாம் நினைவூட்டல், அதற்கும் அசையாவிட்டால் முதல்வர் கையொப்பத்தோடு மூன்றாவது.

பிரதிகள் தீர்ந்துவிட்டன என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்த இதழின் விலைக்கு வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) கேளுங்கள். சந்தாவை ஓரிதழ் நீட்டித்துத் தருகிறோம் என்பார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் அதனால் உங்கள் தொகுதி நிறைவடையாது.

7. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்த்தல்

சந்தா பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. கல்லூரியின் கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. இந்த மூன்று மாத இடைவெளியில்தான் தகராறுகள் பிறக்கின்றன. மார்ச் மாதம் செலவழிக்க வேண்டிய தொகை மிச்சமிருக்கிறது என்று அவசரமாகச் சந்தா கட்டினால், பல பதிப்பாளர்கள் ஏப்ரல் இதழிலிருந்து அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். ஜனவரியிலிருந்து வேண்டும் என்பதை ஆணையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இன்வாய்ஸின் பின்புறம், எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் சந்தா பதியப்பட்டுள்ளது என்ற சான்றை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். முன்பணம் என்பதால் இதழ்கள் பெறப்பட்டன என்று அப்போது சான்றளிக்க முடியாது. அப்படி அச்சடித்த முத்திரையைக் குத்துவது, பெறாத பொருளைப் பெற்றதாகக் கையொப்பமிடுவதாகும். பெற்றதற்கான சான்றை ஆண்டு முடிந்ததும் தனித் தாளில் கொடுங்கள். அதில் தலைப்பு, வர வேண்டியவை, வந்தவை, வராதவை, வராதவற்றின் மதிப்பு என்று ஐந்து நெடுவரிசைகள் போதும். ஆண்டு விலையை இதழ் எண்ணிக்கையால் வகுத்தால் மதிப்பு கிடைக்கும். 6,000 ரூபாய் விலையுள்ள மாத இதழில் இரண்டு வரவில்லையென்றால் 1,000 ரூபாயை அடுத்த ஆண்டின் இன்வாய்ஸில் கழிக்கச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டின் இந்தத் தாள் கையொப்பமாகாமல் புதிய இன்வாய்ஸை ஏற்பதில்லை என்று எங்கள் நூலகத்தில் இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். முகவர்கள் முணுமுணுத்தாலும் கணக்கு நேராகிவிட்டது.

8. பைண்டிங்

எல்லாத் தலைப்புகளையும் பைண்டிங் செய்ய வேண்டியதில்லை. பொது வாசிப்பு இதழ்களை ஓராண்டு வைத்திருந்து கழித்துவிடலாம். ஆய்விதழ்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பைண்டரிடம் கொடுப்பதற்கு முன் இதழ்களை எண்வரிசையில் அடுக்கி, தொகுதியின் தொடர் பக்க எண்கள் அறுபடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். தொகுதிக்கான தலைப்புப் பக்கமும் ஆண்டுப் பொருளடைவும் பொதுவாகக் கடைசி இதழோடோ அதற்குப் பிறகோ வரும், அவற்றுக்காகக் காத்திருங்கள். ஓரிதழ் குறைந்தால் தொகுதி முடிந்ததிலிருந்து ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம். டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக இருந்தால் தேவையான கட்டுரையின் படியைப் பிற நூலகங்களிலிருந்து கேட்டுப் பெறலாம். சென்னைக்குப் போக முடிந்தவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும், பழைய தமிழ் இதழ்களானால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரிக்கலாம். எங்கும் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் விடுபட்ட எண்ணைக் குறித்த ஒரு வண்ணத் தாளைச் செருகி பைண்டிங் செய்துவிடுங்கள். ஒரே இதழுக்காக ஆண்டுக்கணக்கில் கயிற்றில் கட்டி வைத்தால் மற்ற இதழ்களும் போய்விடும்.

பைண்டருக்குக் கொடுக்கும் சீட்டில் தலைப்பு, தொகுதி, ஆண்டு, முதுகில் பொறிக்க வேண்டிய எழுத்துகள், துணியின் நிறம் ஆகியவற்றோடு, ஓரம் வெட்டுவதைக் குறைந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தாராளமாக வெட்டினால் பக்க எண்ணும் சில வேளை வரிகளும் போய்விடும். கம்பிப் பின் அடித்து ஒட்டாமல் நூலால் தைக்கச் சொல்லுங்கள். தடிமன் இரண்டரை அங்குலம் தாண்டினால் இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். முந்தைய ஆண்டின் பைண்டிங் தொகுதி ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினால் முதுகெழுத்தின் உயரம் அலமாரி முழுவதும் ஒரே வரிசையில் நிற்கும். எங்கள் ஊரில் ரெக்சின் பைண்டிங் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 200 ரூபாய் ஆகிறது. மூன்று பைண்டர்களிடம் விலைப்புள்ளி வாங்கிக்கொள்ளுங்கள். மே மாத விடுமுறைதான் இதற்கு ஏற்ற காலம். எத்தனை இதழ்கள் போயின என்று எண்ணி எழுதிப் பைண்டரின் கையொப்பம் பெறுங்கள், திரும்பி வரும்போது தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பார்த்த பிறகே பில்லை அனுப்புங்கள். தலைகீழாகத் தைத்த இதழை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். நூலகச் சேர்க்கைப் பதிவேட்டின் வரிசை எண்ணான சேர்க்கை எண்ணை இந்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். தனி இதழுக்குச் சேர்க்கை எண் தேவையில்லை.

9. புதுப்பித்தல்

ஆகஸ்டில் தலைப்புப் பட்டியலைத் துறைகளுக்கு அனுப்பி, செப்டம்பரில் நூலகக் குழுவில் வைத்து, நவம்பருக்குள் பணம் போய்ச் சேரும்படி பாருங்கள். அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள், 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன என்பதால், அச்சிலும் அதே தலைப்பை வாங்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முகவரிடமிருந்து புதிய சந்தா எண்களைப் பெற்று, புதிய அட்டைகளில் ஜனவரி முதல் இதழின் எதிர்பார்ப்புத் தேதியை எழுதி முடித்துவிடுங்கள்.